விறகுப்புரை மேல் வைத்த கால்

சாதா ப்ளவுஸ் ஒன்றுக்கு 150 ரூபாய் தையல் கூலி வாங்குகிறவள் நான். அதனால் எந்தச் செலவையும் மனசு ப்ளவுஸ் கணக்கில்தான் போட்டுப் பார்க்கும். போன வருஷம் மே கடைசியில் ஓடு மாற்ற வந்து பார்த்த ஆள், உதவிக்கு ஒருவரையும் சேர்த்து இரண்டு நாள் கூலியாக 4,500 கேட்டார். முப்பது ப்ளவுஸ். கூடுதல் என்று பட்டது. நானே ஏறினேன். பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது ஆகியிருந்த செலவு 1,46,000. அது எத்தனை ப்ளவுஸ் என்று ஒரு ராத்திரி படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை.

எங்களுடையது கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில், மாமனார் காலத்து ஓட்டு வீடு. முன்னால் இரண்டு அறை, நடுவில் உயர்ந்த முகடு, பின்னால் அடுப்படி, அதை ஒட்டிச் சாய்ப்பாக இறக்கிய விறகுப்புரை. வீட்டுக்காரர் மஸ்கட்டில். மகள் நாகர்கோவிலில் ஹாஸ்டலில் படிக்கிறாள், மகன் அப்போது பிளஸ் டூ போகப்போகிற சமயம். தமிழ்நாட்டில் மற்ற ஊர்க்காரர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான் பெரிய மழையாகத் தெரியும். எங்களுக்கு வைகாசியில் கேரளத்து இடவப்பாதியும் உண்டு, அது ஓய்ந்து துணி காய்வதற்குள் ஐப்பசி மழையும் உண்டு. ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை அண்ணாந்து பார்த்தே ஆக வேண்டும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது பக்கத்து விளையில் (தோப்பில்) இருந்த அயினி மரத்தின் கிளை ஒடிந்து விறகுப்புரை மேல் விழுந்து ஓடெல்லாம் நொறுங்கிப்போனது. மாவட்டம் முழுக்க ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்த நேரம், கரண்டே இல்லை, ஓடு மேய ஆளுக்கு எங்கே போக? அவசரத்துக்கு மார்த்தாண்டத்திலிருந்து சிமெண்ட் ஷீட் நாலு வாங்கி இரும்புக் குழாய் மேல் போட்டு ஒப்பேற்றினோம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத்தான் சொல்கிறேன், எங்கள் பக்கம் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அடுத்த கோடையில் எடுத்துவிட்டு ஓடு போடலாம் என்றார் இவர். ஆறு கோடை போய்விட்டது.

நான் கூரையில் ஏறியது சும்மா திமிரில் இல்லை. எங்கள் அப்பா ஓடு மேயப் போவார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் கூடப் போய்க் கீழிருந்து ஓடு எடுத்துக் கொடுப்பேன், பத்துப் பன்னிரண்டு வயதில் மேலேயும் ஏறியிருக்கிறேன். பயம் கிடையாது. அதோடு கொஞ்சம் வீம்பும் இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். "ஆம்பளை இல்லாத வீடு, மழைக்கு முன்னாடி ஆளைப் பிடிச்சு வச்சுக்கோ" என்று பக்கத்து வீட்டு மைனி நாலு தடவை சொன்னதும் எனக்குள் ஏதோ கிளம்பிவிட்டது.

அன்று காலையில் பெரிய கூரையில் நான் செய்ததெல்லாம் சரியாகத்தான் செய்தேன். முந்தின நாள் நடு மத்தியானம் ஜன்னலைச் சாத்தி, லைட்டை அணைத்துவிட்டு உள்ளிருந்து அண்ணாந்து பார்த்தேன். விரிசல் விழுந்த ஓட்டில் வெளிச்சம் கீறலாகத் தெரியும். தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்கக் கூடாது, கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கழுக்கோல் வழியாக நாலடி, ஐந்தடி ஓடி வந்துதான் சொட்டும். விரிசல் தெரிந்த இடத்திலெல்லாம் உள்ளிருந்தே ஈர்க்குச்சியைச் செருகிவிட்டேன், மேலே போனால் குச்சி நீட்டிக்கொண்டு நிற்கும், தேட வேண்டாம். இது அப்பா வித்தை. கழுக்கோல் ஒவ்வொன்றையும் அரிவாள் நுனியால் குத்திப் பார்த்தேன். இரண்டில் சிதல் (கறையான்) பிடித்து நுனி பொதக்கென்று உள்ளே போனது. அந்தப் பக்கமே போகவில்லை.

ஏணியைச் சரியான சாய்வில் வைத்தேன். நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், தலை கூரை ஓரத்துக்கு மேல் மூன்றடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இறங்கும்போது கை வைத்துப் பிடிக்க அந்த மூன்றடிதான் உதவும். மேலே கயிற்றால் கட்டினேன், கீழே மகன் பிடித்துக்கொண்டான். வெறுங்கால், கால் வைக்கிற இடத்தில் நனையாத சாக்கு. ஓட்டில் நடக்கும்போது நடுவயிற்றில் மிதிக்கக் கூடாது, மேல் ஓட்டின் நுனி கீழ் ஓட்டின் தலை மேல் ஏறி இரட்டையாக இருக்கும் வரிசையில்தான் மிதிக்க வேண்டும். அதற்கு அடியில்தான் ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம், பட்டியல் என்போம், ஓடுகிறது. சக்கை, அதாவது பலா மரத்துச் சருகு மூடிக் கிடந்த இடத்தைத் துடைப்பத்தால் தள்ளிப் பார்த்த பிறகே கால் வைத்தேன். நல்லதாய்ப் போயிற்று, சருகுக்கு அடியில் மாமனார் வெளிச்சத்துக்குப் போட்ட கண்ணாடி ஓடு இருந்தது. பதினோரு ஓடு மாற்றினேன். மெயின் சுவிட்சையும் அணைத்திருந்தேன். ஆனால் அதில் ஒரு தப்பு இருந்தது, அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது: வீட்டு மெயினை அணைத்தாலும் போஸ்டிலிருந்து மீட்டருக்கு வரும் ஒயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். அந்த ஒயர் எங்கள் கூரை ஓரத்தை உரசிக்கொண்டு போனது, மேல் தோல் வெயிலில் வெடித்திருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி நான் உட்கார்ந்து சாவகாசமாகத் தண்ணீர் குடித்திருக்கிறேன். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்கும்.

மத்தியானம் இறங்கி, குளித்து, சாப்பிட்டேன். மகன் இரண்டரைக்கு டியூஷனுக்குப் போனான். மூன்று மணிக்கு ஒரு தூறல் விழுந்து நின்றது. புது ஓட்டில் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. அந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? மஸ்கட்டுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முற்றத்தில் நின்று பார்த்தபோது விறகுப்புரை ஷீட் மேல் சருகு அடைந்து கிடந்தது, அடுப்படிக் கூரையும் ஷீட்டும் சேர்கிற பாத்தியில் தண்ணீர் தேங்கி நின்றது. பத்தடி உயரம்கூட இருக்காது. அஞ்சு நிமிஷ வேலை. கயிறு வேண்டாம், ஆள் வேண்டாம், போன் சார்ஜில் கிடக்கட்டும். காலையில் இருபதடி உயரத்தில் எனக்கிருந்த புத்தியெல்லாம் பத்தடிக்குத் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பெரிய கூரைக்குப் பயந்து எல்லாம் செய்வோம், தொழுவத்துக்கும் விறகுப்புரைக்கும் ஒன்றும் செய்ய மாட்டோம். வேலை முடிந்த களைப்பும், சாதித்துவிட்ட நினைப்பும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

ஏறி இரண்டு எட்டு வைத்தேன், ஷீட் தாங்கியது. பாசியில் வழுக்கப் பார்த்து இடது காலை ஊன்றிச் சமாளித்தேன். மூன்றாவது எட்டில் சத்தமே இல்லாமல் இறங்கிப்போனேன். ஓடு உடைந்தால் 'மளுக்'கென்று சொல்லும், கழுக்கோல் முறிகிறதென்றால் முன்கூட்டியே நெரியும். ஷீட் ஒன்றுமே சொல்லாது. கீழே ஒரு பக்கம் தேங்காய்க் கதம்பை (உரித்த மட்டை) குவித்திருந்தது, அதில் விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிமெண்ட் தரையில் வலது குதிகால் ஊன்றி நின்றபடி விழுந்தேன். நின்றபடி என்றால் ஒரு நொடிதான், அப்புறம் உட்கார்ந்து, அப்புறம் படுத்துவிட்டேன். மேலே பார்த்தால் ஷீட்டில் ஒரு ஆள் அளவுக்கு வானம்.

முதலில் வலி தெரியவில்லை, வெட்கம்தான் தெரிந்தது. மைனி என்ன சொல்வார் என்று யோசித்தேன். எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் குதிகாலில் அந்த வலி. பிரசவ வலியோடு ஒப்பிட்டுச் சொல்லலாம், ஆனால் பிரசவத்தில் பக்கத்தில் ஆள் இருந்தார்கள். கூப்பிட்டேன். மைனி வீட்டில் டிவி ஓடியது. கொஞ்ச நேரத்தில் முன்வாசலில் "அக்கா, ப்ளவுஸ் ஆச்சா?" என்று ஒரு பெண்ணின் குரல். என்னால் முடிந்த மட்டும் கத்தினேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, ஓட்டில் விழுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். பிறகு அவளிடம் சொன்னபோது அவளும் அழுதுவிட்டாள். மகன் வந்தது ஐந்தரைக்கு. ஒன்றே முக்கால் மணி நேரம் அந்த ஓட்டை வழியாக மழை என் மேல் விழுந்துகொண்டிருந்தது. போன் பத்தடி தள்ளி அடுப்படி மேடையில் நாலு தடவை அடித்து ஓய்ந்தது, மஸ்கட்டிலிருந்து, படத்தைப் பார்த்துவிட்டு. தனியாக ஏறாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏறியே தீர வேண்டுமென்றால் போன் இடுப்பில் இருக்கட்டும், "நாலு மணிக்கு நான் கூப்பிடாவிட்டால் வந்து பார்" என்று யாரிடமாவது சொல்லிவிட்டு ஏறுங்கள்.

அடுத்த தப்பு, என்னைத் தூக்கியதுதான். மகன் பதறி ஓடிப்போய் மைனியையும் அவர் மகனையும் கூட்டி வந்தான். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, மடக்கி ஆட்டோவில் உட்கார வைத்தார்கள். அன்போடு செய்ததுதான். ஆனால் எலும்பு டாக்டர் முதலில் கேட்டதே "முதுகு வலிக்குதாம்மா?" என்பதுதான். உயரத்திலிருந்து குதிகாலில் விழுகிறவர்களில் சிலருக்கு அதே அடி மேலே ஏறி முதுகெலும்பையும் நசுக்கிவிடுமாம். அதனால் காலோடு முதுகையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எனக்கு முதுகு தப்பியது. தப்பாமல் இருந்து, அந்த ஆட்டோவும் பள்ளத்தில் குதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விழுந்தவரை அப்படியே படுக்க வைத்துவிட்டு 108-க்கு அடியுங்கள். பலகையோடு வருவார்கள், காசும் கிடையாது. ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போகலாமா என்று மைனி கேட்டார். எது பக்கம் என்றுதான் அப்போது பார்த்தோம், பக்கத்தில் இருந்தது தனியார் ஆஸ்பத்திரி.

குதிகால் எலும்பு மூன்றாக உடைந்திருந்தது. உடனே ஆபரேஷன் செய்வார்கள் என்று நினைத்தேன், செய்யவில்லை. கால் பலாக்காய் மாதிரி வீங்கிக் கொப்புளம் போட்டிருந்தது. வீக்கம் வற்றித் தோலில் சுருக்கம் விழுந்தால்தான் கத்தி வைக்கலாம், இல்லையென்றால் தையல் பிரிந்துவிடும் என்றார்கள். ஒரு தையல்காரிக்கு அது புரியாதா? ஏழு நாள் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துக்கொண்டு, தினமும் காலையில் டாக்டர் வந்து தோலைக் கிள்ளிப் பார்ப்பதற்காகக் காத்திருந்தேன். எட்டாம் நாள் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். காப்பீட்டு அட்டை எங்களிடம் இல்லை. வருஷ வருமானம் 1,20,000-க்குள் இருக்கிற குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, அட்டை எடுக்காதவர்கள் எடுத்து வையுங்கள். எல்லாத் தனியார் ஆஸ்பத்திரியும் அதில் கிடையாது, சேர்கிற அன்றே கேட்டுவிட வேண்டும். எங்கள் கணக்கில் ஸ்கேனுக்கு 4,500, ஆபரேஷனுக்கும் பிளேட்டுக்கும் அறைக்கும் சேர்த்து 1,18,000, மீதி மருந்து, வாக்கர், வாடகைக் கார். ஸ்கேனுக்குப் பில் வந்தபோது அதே 4,500-ஐப் பார்த்துச் சிரித்துவிட்டேன். நர்ஸ் ஒரு மாதிரியாகப் பார்த்தது.

ஆனால் அந்தப் பணத்தைவிட வலித்தது அடுத்த மூன்று மாதம். வலது காலைத் தரையில் ஊன்றவே கூடாது. என்னுடையது கால் மெஷின். வாக்கரைப் பிடித்து ஒற்றைக் காலில் தத்தி வந்து அதன் முன்னால் உட்கார்ந்து, தொடாமல் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. ஆவணிக் கல்யாணங்களுக்கென்று வாங்கி வைத்திருந்த பட்டு ப்ளவுஸ் துணி பத்தொன்பதையும் அவரவரைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மாதம் 13,000, 14,000 வந்துகொண்டிருந்தது நின்றது. இவர் போனில் முதல் நாள் "ஒனக்கு கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கத்தினார். மறுநாள், ஷீட்டை மாற்றாமல் விட்டது தான்தானே என்று அழுதார். கத்தியதே மேல் என்று இருந்தது. மூன்றாம் மாதம் மகன் 2,800 ரூபாய்க்கு மெஷினுக்கு மோட்டார் வாங்கி மாட்டினான். இடது காலால் ஓட்டப் பழகினேன். முதல் வாரம் தைத்த பாவாடை எல்லாம் கோணல்.

கடைசியில் கூரைக்கு அதே ஆளைத்தான் கூப்பிட்டோம், 4,500 கேட்டவரை. அறுபதை நெருங்குகிற மனுஷன், வேர்க்கிளம்பிப் பக்கம். ஓட்டையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மக்களே, ஷீட்டு மேல காக்கா உக்காரலாம், பூனை நடக்கலாம், மனுசன் நிக்கப்பிடாது" என்றார். புது ஷீட்டாக இருந்தாலும் ஆளைத் தாங்குமென்று நம்பக் கூடாதாம், வெயிலும் மழையும் தின்ற பழைய ஷீட் அப்பளம்தான். போல்ட் வரிசையைப் பார்த்து மிதித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், அடியில் குழாய் அங்கேதான் இருக்கிறது என்பதால். அதையும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு எட்டு தவறினால் தீர்ந்தது, பாசியில் தவறாமல் இருக்காது. குழாய்க்குக் குழாய் எட்டுகிற நீளப் பலகை இரண்டு போட்டு, ஒன்றில் உட்கார்ந்துகொண்டு மற்றதை நகர்த்தி நகர்த்திப் போகிறார். அதைவிட, ஏணியில் நின்றபடியே நீளத் தோட்டிக் கம்பில் துடைப்பம் கட்டிச் சருகை இழுத்திருந்தால் என் வேலை முடிந்திருக்கும் என்றார். அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னை நிஜமாகவே நோகடித்தது. எங்கள் வீட்டில் மச்சு கிடையாது, கழுக்கோலும் ஓடும் உள்ளிருந்தே தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் விரிசல் விட்ட ஓட்டை மாற்ற மேலே ஏறவே வேண்டாமாம். உள்ளே ஏணி போட்டு, மேல் வரிசை ஓட்டைக் கட்டையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, உடைந்ததை உருவி எடுத்துப் புதியதைச் செருகிவிடலாம். செய்தும் காட்டினார், ஒரு ஓட்டுக்கு அஞ்சு நிமிஷம் ஆகவில்லை. அப்பா எனக்கு ஏன் இதைச் சொல்லித்தரவில்லை என்று தெரியவில்லை. முகட்டு ஓட்டுக்கும் பாத்திக்கும் மட்டும்தான் மேலே போயாக வேண்டும்.

உடைந்த ஷீட்டை எடுத்தபோதும் அவரோடு ஒரு சண்டை. கட்டர் மெஷினை வைத்து அறுக்கப் போனார், மூக்கில் துண்டுகூடக் கட்டாமல். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் இருபது, முப்பது வருஷம் கழித்துக்கூட நோயாக வரும் என்று எனக்கு மகள் சொல்லியிருந்தாள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீட்டில் அதைத் துடைப்பத்தால் கூட்டி வாரிவிட்டார்கள் என்று தெரிந்து அவளுக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. தண்ணீர் ஊற்றி நனைத்து, அறுக்காமல், போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கச் சொன்னேன். "நாப்பது வருசமா இந்தத் தூசியிலதான் கெடக்கேன், ஒண்ணும் ஆகல்ல" என்றார். அவர் இருமியதை நான் கேட்டேன். முகத்தில் கட்ட மாஸ்க் கொடுத்தேன், கட்டிக்கொண்டார், நான் உள்ளே போனதும் கழற்றிவிட்டார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்றும் கேட்டேன், புதுப்பிக்கவில்லை என்றார். நம் கூரையில் இருந்து விழுகிற ஆள் நம் பொறுப்புதான் என்பது நான் விழுந்த பிறகே உறைத்தது. கூலி பேசும்போது நான் இப்போது இரண்டு கேட்கிறேன்: அட்டை இருக்கிறதா, இடுப்புக் கயிறு கொண்டு வருவீர்களா. சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இடித்த வீட்டிலிருந்து பழைய ஓடு வாங்கி விறகுப்புரைக்கும் ஓடே போட்டாயிற்று. மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து அந்த ஒயரையும் கூரைக்கு மேலே உயர்த்திக் கட்ட வைத்தோம். ஏணியை மகன் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியில் பூட்டி வைத்திருக்கிறான், சாவியை நாகர்கோவில் காலேஜுக்கே கொண்டு போய்விடுகிறான். இந்த வருஷ இடவப்பாதிக்கு நடு அறையில், கதவுக்கு இடப்பக்கம் ஒரு சொட்டு விழுகிறது. பித்தளைக் குடத்தை அடியில் வைத்திருக்கிறேன். ஆள் வியாழக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.